தலையீடு – சொல் விளக்கம்

ஒரு நாட்டின் உள்நாட்டுப் போருக்குள் இன்னொரு நாடு நுழைந்தால் செய்திகளில் தவறாமல் வரும் சொல் 'தலையீடு'. ஆங்கிலத்தில் இன்டர்வென்ஷன். அதன் வேர் இலத்தீன்: 'இன்டர்' இடையே, 'வெனிரே' வருதல். நல்லதா கெட்டதா என்ற தீர்ப்பு அந்த வேரில் இல்லை.

தமிழில் தலை + இடு. கெடு 'கேடு' ஆனதுபோல இடு 'ஈடு' ஆகிறது. முதனிலை திரிந்த தொழிற்பெயர். 'நீ ஏன் இதில் தலையிடுகிறாய்?' என்று கேட்கும்போது கண்டனம் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. கோபம் கூடினால் 'மூக்கை நுழைக்காதே'. ஆனால் 'ஐ.நா. உடனே தலையிட வேண்டும்' என்று கெஞ்சவும் இதே சொல்தான். அடி வாங்குகிறவன் அதைக் கேட்டு வாங்குவான், அடிக்கிறவன் கண்டிப்பான்.

இலத்தீனை ஒட்டி 'இடையீடு' என்று சொல்லலாமே? வேண்டாம். தமிழில் அது நடுவில் வரும் தடையையோ இடைவெளியையோ குறிக்கும். அதோடு, உள்நாட்டுப் போருக்குள் போகும் படை நடுவிலேயே நிற்பது அபூர்வம். 1987 ஜூலையில் அமைதி காக்க இலங்கைக்குப் போன இந்தியப் படை, அக்டோபரில் விடுதலைப் புலிகளோடு போரில் இருந்தது. தலையைக் கொடுப்பது என்ற நம் சொல்தான் இங்கே உண்மைக்குப் பக்கம்.

சட்டத்தில் இதன் எல்லை கொஞ்சம் அகலம். படை அனுப்பினால் மட்டும் தலையீடு இல்லை. நிகரகுவாவின் கான்ட்ரா கலகப் படைக்கு அமெரிக்கா ஆயுதமும் பயிற்சியும் பணமும் கொடுத்ததே தலையிடாமைக் கடமையை மீறியதுதான் என்று 1986-இல் சர்வதேச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அரசே அழைத்தால் கதை வேறு. 2015-இல் சிரியாவுக்குள் ரஷ்யா அப்படித்தான் போனது. இந்த விதி எனக்கு உவப்பாக இல்லை. சொந்த மக்கள்மேல் குண்டு போடும் அரசும் விருந்தாளியை அழைக்கலாம் என்றாகிவிடுகிறது.

'தலையிடாமை' மட்டும் என்ன சுத்தமா? 1936-இல் ஸ்பெயின் உள்நாட்டுப் போர் தொடங்கியதும் ஐரோப்பிய நாடுகள் தலையிடாமைக்கு உடன்பட்டு, லண்டனில் குழுவும் அமைத்தன. உடன்பட்ட ஜெர்மனியும் இத்தாலியும் அரசுக்கு எதிராகக் கிளம்பிய தளபதி பிராங்கோவுக்கு விமானங்களை அனுப்பிக்கொண்டே இருந்தன. 1937 ஏப்ரலில் அந்த விமானங்கள் போட்ட குண்டில் ஸ்பெயினின் கெர்னிகா நகரம் எரிந்தது.

அப்புறம், பெயரை மாற்றிப் பார்த்தார்கள். 'தலையிடும் உரிமை' என்பது 2001-இல் ஒரு பன்னாட்டு ஆணையத்தின் அறிக்கையில் 'பாதுகாக்கும் பொறுப்பு' ஆனது. 2005 உலக உச்சிமாநாடு அதை ஏற்றது. 2011-இல் லிபியாவில் பொதுமக்களைக் காக்க ஐ.நா. பாதுகாப்பு அவை கொடுத்த அனுமதி, அந்நாட்டை ஆண்ட கடாபியின் வீழ்ச்சி வரை நீண்டது. அதற்குப் பிறகு இந்தப் பெயரைக் கேட்டாலே பல நாடுகள் சந்தேகப்படுகின்றன.

சரி, தமிழில் எப்படி எழுதுவது? பொதுச்சொல்லாகத் தலையீடு போதும். ஆனால் அடைமொழி இல்லாமல் விடக்கூடாது: படைத் தலையீடு, ஆயுத உதவி, பொருளாதாரத் தடை என்று பிரித்து எழுதினால்தான் 'வெளிநாடு தலையிடலாமா' என்ற கேள்விக்குப் பதிலே சொல்ல முடியும். சமாதானப் பேச்சுவார்த்தைக்கு உதவுவதைத் தலையீடு என்று எழுத வேண்டியதில்லை. அதற்கு மத்தியஸ்தம் இருக்கிறது. அதைவிட மெல்லியதும் உண்டு: இலங்கையின் 2002 சமாதான முயற்சியில் நோர்வேயை ஈழத்துப் பத்திரிகைகள் 'அனுசரணையாளர்', அதாவது பேச்சு நடக்க வசதி செய்து கொடுப்பவர், என்று எழுதின.