அடிக்க அடிக்கச் செம்பு ஏன் இறுகுகிறது?

உலோக வேலைக்கான தொடக்கநிலைப் பயிற்சியில் சேர்ந்திருக்கும் வாசகர் ஒருவர் நல்ல கேள்வியொன்றை அனுப்பியிருக்கிறார். கிண்ணமாக்குவதற்காகச் சுத்தியலால் தட்டிய செம்புத் தகடு, முதலில் இணங்கி வளைந்துவிட்டுச் சற்று நேரத்தில் விறைத்துக்கொண்டதாம். பயிற்றுநர் அதை மங்கிய சிவப்பாகும்வரை சூடாக்கித் தண்ணீரில் போட்டதும் மீண்டும் மென்மையாகிவிட்டதாம். எஃகை அப்படிச் செய்தால் கடினமாகும்போது, செம்பு மட்டும் ஏன் நேர்மாறாக நடந்துகொள்கிறது?

உலோகத்தில் அணுக்கள் வரிசையாக அடுக்கப்பட்டுப் படிகங்களாக இருப்பதும், தகடு வளையும்போது அந்த அடுக்குகள் ஒன்றன்மீது ஒன்று வழுக்குவதும் பள்ளியில் படித்தவையே. ஓர் அடுக்கின் அணுக்கள் யாவும் ஒரே கணத்தில் வழுக்குவதற்கு எவ்வளவு விசை வேண்டும் என்று 1926இல் இயற்பியலாளர் யாக்கோவ் பிரெங்கெல் கணக்கிட்டார். மென்மையான தூய படிகங்களுக்கு உண்மையில் தேவைப்படும் விசையைவிட அது ஆயிரம் மடங்குக்கும் அதிகமாக இருந்தது.

இந்தப் புதிருக்கு 1934இல் ஜெஃப்ரி டெய்லர், எகோன் ஒரோவான், மைக்கேல் போலானி ஆகிய மூவரும் தனித்தனியே ஒரே விடையைக் கண்டார்கள். படிகத்துக்குள் சில அணுத்தளங்கள் பாதியிலேயே நின்றுவிடுகின்றன; அப்படி நின்றுபோன விளிம்பை இடப்பிறழ்வு என்கிறோம். விசை பட்டதும் அந்த விளிம்பிலுள்ள அணுக்கள் மட்டும் அண்டைப் பிணைப்பை மாற்றிக்கொள்ள, பிறழ்வு ஒரு படி முன்னே நகர்கிறது. கனத்த விரிப்பை முழுதாக இழுக்காமல், அதில் ஒரு சுருக்கத்தை உண்டாக்கி மறுமுனைவரை தள்ளிக்கொண்டு போவதைப் போன்றது இது. உலோகம் வளைந்துகொடுப்பதே அதன் படிகத்திலுள்ள குறைகளால்தான் என்பது எனக்கு இன்றும் வியப்பூட்டுகிறது. 1956இல் கேவண்டிஷ் ஆய்வகத்தில் பீட்டர் ஹிர்ஷும் உடன் பணியாற்றியவர்களும், அலுமினியத் தாளில் இந்தப் பிறழ்வுகள் நகர்வதை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் நேரிலேயே பார்த்தார்கள்.  

சுத்தியலின் ஒவ்வோர் அடியும் புதிய பிறழ்வுகளைப் பிறப்பிக்கிறது. மென்மையான செம்பில் ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பை ஏறத்தாழப் பத்து லட்சம் முதல் பத்துக் கோடி பிறழ்வுக் கோடுகள் கடக்கின்றன என்றால், கடுமையாக அடிபட்ட செம்பில் அந்த எண்ணிக்கை பத்தாயிரம் கோடியையும் தாண்டும். அவை ஒன்றையொன்று குறுக்கிட்டுச் சிக்கிக்கொள்வதால் எதுவும் எளிதில் நகர முடிவதில்லை. தகடு விறைப்பது இதனால்தான். அதற்கு மேலும் தட்டினால் விளிம்பில் விரிசல் விடும்.

செம்பு உருகுவது 1085 டிகிரி செல்சியஸில். ஏறத்தாழ 600 டிகிரியிலேயே அணுக்கள் விரைவாக இடம்மாறி, சிக்கலற்ற புதிய படிகங்கள் வளர்ந்து பழையவற்றை விழுங்கிவிடுகின்றன. மென்மை திரும்புவது இந்தச் சூட்டினால்தானே தவிர, தண்ணீரால் அன்று. தண்ணீர் தகட்டை விரைவாக ஆற்றுகிறது. மேலே படிந்த கருமையில் ஒரு பகுதியை உதிர்க்கவும் செய்கிறது.

எஃகின் கதை வேறு. ஏறத்தாழ 727 டிகிரிக்கு மேல் அதன் அணு அடுக்கே மாறி, கார்பனைத் தாராளமாகக் கரைத்துக்கொள்கிறது. சட்டென்று குளிர்வித்தால் வெளியேற நேரமில்லாத கார்பன் அணுக்கள் உள்ளேயே அகப்பட்டு அடுக்கை உருக்குலைப்பதால், இடப்பிறழ்வுகளுக்கு வழி அடைபடுகிறது. பயிற்சியில் கையாளும் அரத்தின் பற்கள் செம்பைச் சீவும் அளவுக்குக் கடினமாக இருப்பது இப்படித்தான். அந்த அரத்தையே சிவக்கக் காய்ச்சி மெல்ல ஆறவிட்டால், கார்பன் அணு அடுக்கிலிருந்து பிரிந்து பற்கள் மென்மையாகிவிடும். அதன்பின் அது எஃகை அராவாது.