செம்பனை வரிசைக்குள் ஒரு சமன்பாடு

மலேசியாவில் செம்பனை (எண்ணெய்ப்பனை) வணிகப் பயிராக முதன்முதலில் நடப்பட்டது 1917ஆம் ஆண்டு, சிலாங்கூரின் தென்னமரம் தோட்டத்தில். பெயருக்கும் பயிருக்கும் உள்ள இந்த முரணைத் தமிழறிந்தவர்களே ரசிக்க முடியும். அதன் அருகிலுள்ள பெஸ்தாரி ஜெயா வட்டாரத்தில் பேருந்தில் செல்பவர்கள், தாறுமாறாகத் தோன்றும் மரங்கள் திடீரென நேர்வரிசைகளாகப் பிரிந்து வழிவிடுவதைக் கண்டிருப்பார்கள். பக்கம் 9 மீட்டர் கொண்ட சமபக்க முக்கோணங்களின் முனைகளில் கன்றுகளை நடும் வழக்கமே இதற்குக் காரணம்.

இவ்வரிசைகளில் ஒன்றைச் சமன்பாடாக எழுதிப் பார்ப்போம். மூலை மரத்திலிருந்து கிழக்கே உள்ள தொலைவைக் 'கி' என்றும், வடக்கே உள்ள தொலைவை 'வ' என்றும் மீட்டரில் குறிப்போம். மூலைக்கு அடுத்த மரம் (9, 0) என்ற புள்ளியில் நிற்கிறது. முக்கோணத்தின் உயரம் ஏறத்தாழ 7.8 மீட்டர் என்பதால், அதற்கு வடகிழக்கிலுள்ள மரத்தின் இடம் (13.5, 7.8). கிழக்கே 4.5 மீட்டர் நகரும்போது வடக்கே 7.8 மீட்டர் ஏறுவதால், சாய்வு 7.8 ÷ 4.5, அதாவது 26/15. மூன்றின் வர்க்கமூலமே சரியான மதிப்பு எனினும், அதற்கு இந்தப் பின்னம் மிக நெருக்கமானது. ஆகவே, வ = (26/15)(கி − 9); பின்னத்தை நீக்கினால், 26கி − 15வ = 234.

ஒரு மரம் இவ்வரிசையில் உள்ளதா என்றறிய, அதன் இரு தொலைவுகளையும் இடப்பக்கத்தில் இட்டால் போதும். (22.5, 23.4) என்ற மரத்துக்கு 585 − 351 = 234 வருகிறது; அது வரிசையில் உள்ளது. (18, 31.2) என்ற மரத்துக்கு விடை 0, அது இவ்வரிசையில் இல்லை.

பலர் இத்துடன் நிறுத்திவிடுகிறார்கள். எனக்கோ பொருந்தாத விடைதான் சுவையானது. விடை 0 தரும் மரங்கள் அனைத்தும் மூலை மரத்தின் வழியே செல்லும் இணைவரிசையில் நிற்கின்றன. 468 தருபவை மறுபக்கத்து வரிசையில் நிற்கின்றன. விடைக்கும் 234க்கும் உள்ள வேறுபாட்டை, 26, 15 ஆகியவற்றின் வர்க்கங்களுடைய கூட்டுத்தொகையின் வர்க்கமூலத்தால், அதாவது ஏறத்தாழ 30ஆல் வகுத்தால், கோட்டிலிருந்து செங்குத்துத் தொலைவு கிடைக்கும். 234 ÷ 30 = 7.8, வரிசைகளுக்கு இடையிலான அதே இடைவெளி.

(27, 31.2) என்ற இடத்தில் நட வேண்டிய கன்றை (27.3, 31.2) என்ற இடத்தில் நட்டுவிட்டதாகக் கொள்வோம். விடை 241.8, மிகுதி 7.8; அதை 30ஆல் வகுத்தால் 0.26. கன்று வரிசையின் கிழக்குப் பக்கத்தில், செங்குத்துத் தொலைவில் 26 சென்டிமீட்டர் விலகியுள்ளது. மட்டைகள் விரிந்த பிறகு இவ்விலகல் எளிதில் புலப்படாது என்பதால், முளைக்குச்சி அடித்து வரிசை பிடிக்கும் நாளிலேயே அதைத் திருத்திவிடுவது நல்லது.