காற்றாலை ஏன் ஜட்லாந்தில் வேர்பிடித்தது?

1970-களில் டென்மார்க்கின் ஜட்லாந்துப் பகுதியில் ஒரு நிறுவனம் லாரிகளுக்கு எண்ணெய் டேங்க் செய்துகொண்டிருந்தது. இன்னொன்று வயலுக்குத் தண்ணீர் தெளிக்கும் கருவிகளைச் செய்தது. மூன்றாவது, கிரேன் செய்தது. பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்குள் நோர்டேங்க், போனஸ், வெஸ்டாஸ் என்ற பெயர்களில் இவை கலிஃபோர்னியா வரை காற்றாலைகளை ஏற்றுமதி செய்தன. நாசாவே முயன்றுகொண்டிருந்த துறையில் இந்தப் பட்டறைகள் எப்படி முந்தின?

பதிலைப் பொருளாதாரக் கோட்பாட்டிலிருந்து தொடங்கலாம். ஒரு தொழிலாளிக்கு ஓர் இயந்திரம் கொடுத்தால் உற்பத்தி எகிறும். ஐந்தாவதைக் கொடுத்தால் அதை ஓட்ட அவருக்குக் கை இருக்காது. முதலீட்டை மட்டும் கூட்டிக்கொண்டே போனால் வளர்ச்சி ஒரு கட்டத்தில் நின்றுவிடும் என்று பொருளாதார அறிஞர் ராபர்ட் சோலோ 1956-இல் காட்டினார். நிற்காமல் ஓடவைப்பது புதிய யோசனை. இயந்திரம் ஒரு நேரத்தில் ஓரிடத்தில்தான் ஓடும். ஓர் இறக்கையின் வடிவமைப்பை ஆயிரம் பட்டறைகள் ஒரே நாளில் எடுத்தாண்டாலும் அது தேயாது. 1990-இல் இதைக் கோட்பாடாக்கிய பால் ரோமர், 2018-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். உடன் பெற்றவர், பருவநிலை மாற்றத்தைப் பொருளாதாரக் கணக்குக்குள் கொண்டுவந்த வில்லியம் நார்ட்ஹாஸ். அந்த இரண்டு பெயர்களும் சேர்ந்து வந்தது மிகப் பொருத்தம் என்றே நினைக்கிறேன்.

யோசனை தேயாது என்றால் அது எங்கும் பரவி, எல்லா ஊரும் ஒரே சீராக வளர்ந்திருக்க வேண்டுமே? பொருளாதார ஆய்வாளர் ஆடம் ஜாஃபியும் இரு சகாக்களும் 1993-இல் அமெரிக்கக் காப்புரிமைகளை ஆராய்ந்தார்கள். புதிய காப்புரிமைகள் மேற்கோள் காட்டும் பழையவை, எதிர்பார்ப்பதைவிட அதிகமாக அதே வட்டாரத்தைச் சேர்ந்தவையாக இருந்தன. வரைபடம் கடல் தாண்டிவிடும். அதைச் செய்துபார்த்த கையின் அனுபவம் அவ்வளவு சுலபத்தில் ஊரைவிட்டுப் போகாது.

டென்மார்க்கில் அந்த அனுபவம் எப்படிச் சேர்ந்தது என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. பொறியாளர் யோஹானஸ் யூல் 1957-இல் கெட்சரில் நிறுவிய 200 கிலோவாட் காற்றாலை பத்தாண்டு ஓடிக் காட்டியிருந்தது. 1973-இல் எண்ணெய் விலை ஏறியபோது, இறக்குமதி எண்ணெயையே நம்பியிருந்த நாடு தவித்தது. கடற்காற்றுக்குக் குறைவில்லை. தச்சர்களும் கொல்லர்களும் யூலின் மூன்றிறக்கை வடிவத்தைச் சிறிதாக்கி, சில பத்துக் கிலோவாட் அளவில் செய்யத் தொடங்கினார்கள். புயலில் சில காற்றாலைகள் கட்டுக்கடங்காமல் சுழன்று இறக்கைகள் பிய்ந்துபோயின. செய்தவர்களும் வாங்கியவர்களும் கூடிப் பேசினார்கள். எந்த மாடல் எவ்வளவு மின்சாரம் தந்தது, எது பழுதானது என்று உரிமையாளர் சங்கத்தின் இதழ் வெளிப்படையாக அச்சிட்டது. 1978-இல் ரிசோ என்ற ஆய்வு மையத்தில் காற்றாலைச் சோதனை நிலையம் வந்தது. அடுத்த ஆண்டு முதல் காற்றாலை வாங்குவோருக்கு 30 சதவீத மானியம் கிடைத்தது. ஆனால் ரிசோவின் ஒப்புதல் பெற்ற மாடலுக்கு மட்டும். ஒன்று கைவிட்டால் இன்னொன்று பிடிக்கும்படி, தனித்தனியாக இயங்கும் இரண்டு பிரேக் இருக்க வேண்டும் என்பது விதியாயிற்று. ஒருவர் பட்டறையில் நேர்ந்த விபத்து, அடுத்தவர் பட்டறையின் பாடமாகிவிட்டது.

பக்கத்து ஜெர்மனி எடுத்த எடுப்பிலேயே பெரிதாகப் பாய்ந்தது. 1983-இல் இயங்கத் தொடங்கிய குரோவியான் காற்றாலை, 3 மெகாவாட் திறனும் 100 மீட்டர் விட்டமும் கொண்ட பூதம். சில நூறு மணி நேரமே ஓடிய அதைப் பின்னர் பிரித்துப்போட்டார்கள். அதைக் கட்டிய பொறியாளர்கள் திறமையில் குறைந்தவர்கள் அல்லர். ஆனால் ஒரே ஓர் இயந்திரம் எத்தனை தவறுகளைத்தான் கற்றுத்தர முடியும்?

பழைய தொழில்கள் இங்கே கைகொடுத்ததைக் கவனியுங்கள். தகட்டை வளைத்து டேங்க் செய்யத் தெரிந்தவர்களுக்கு, குழாய் வடிவக் கோபுரம் அந்நியமில்லை. மீன்பிடிப்பிலும் கடல் எண்ணெயிலும் பழகிய எஸ்பியர் துறைமுகம், ஹோர்ன்ஸ் ரெவ் போன்ற கடற்காற்றாலைப் பண்ணைகளுக்குப் பாகங்களை ஏற்றி அனுப்பும் தளமாயிற்று. ஒரு வட்டாரம் தனக்கு ஏற்கெனவே தெரிந்ததற்கு ஓரடி பக்கத்தில் இருப்பதையே சுலபமாகக் கற்கிறது. வெறும் நிலத்தில் கட்டடம் எழுப்பி ‘புதுமை நகரம்’ என்று பெயர்ப்பலகை வைக்கும் திட்டங்கள் பலவும் தடுமாறுவதற்கு இதுவே காரணம் என்பது என் கருத்து.

இடத்தின் பங்கை இன்னும் அப்பட்டமாகக் காட்டும் ஊர், அதே நாட்டின் காலன்போர்க். அங்கே மின்நிலையத்தின் நீராவி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைக்கும் இன்சுலின் தயாரிக்கும் ஆலைக்கும் போனது. புகையிலிருந்து கந்தகத்தை அகற்றும்போது கிடைத்த ஜிப்சம், பக்கத்திலேயே சுவர்ப்பலகை செய்யும் ஆலைக்கு மூலப்பொருளாயிற்று. மிஞ்சிய வெப்பம் வீடுகளைச் சூடாக்கியது. யாரும் மொத்தமாகத் திட்டமிட்டதல்ல. ஆலை மேலாளர்கள் ஒருவரையொருவர் அறிந்திருந்ததால் ஒவ்வொரு குழாயாக, ஒவ்வோர் ஒப்பந்தமாகச் சேர்ந்தது. நீராவியை வெகுதூரம் கொண்டுபோக முடியாது; போகப்போகக் குழாயிலேயே சூடு இறங்கிவிடும். ஐம்பது கிலோமீட்டர் தள்ளியிருந்தால் அந்த நீராவி வெறும் கழிவு. சில கிலோமீட்டருக்குள் இருந்ததால் அதற்கு ஒரு விலை கிடைத்தது.