ஜாமீன் வந்ததும் மாத்திரை நின்றுவிடுகிறது

மாலை ஆறு மணிக்குக் கதவடைத்தால் விடியும்வரை அதே அறை, அதே காற்று. சிறை மருத்துவராக இருந்த வருடங்களில் என்னை மிகவும் பயமுறுத்தியது அந்த இரவு நேரம்தான். நெருக்கியடித்துப் படுத்திருப்பவர்களில் ஒருவருக்குக் காசநோய் இருந்தால், அவர் இருமும் ஒவ்வொரு தடவையும் கிருமி காற்றில் மிதக்கும்.

இருமுகிறவரின் தட்டையும் டம்ளரையும் ஒதுக்கி வைப்பார்கள். ஆனால் கொசுவுக்குப் பயந்து ஜன்னலைத் துணியால் மூடிவிடுவார்கள். காசநோய் தட்டு வழியே பரவாது, காற்று வழியேதான் பரவும். அந்தத் துணியை எடுக்கச் சொல்லி எத்தனை முறை மன்றாடியிருப்பேன்!

உள்ளே வரும் அன்றே கேட்டுவிட வேண்டும்: இரண்டு வாரத்துக்கு மேல் இருமலா, மாலையில் காய்ச்சலா, உடம்பு இளைத்ததா, முன்பே காசநோய்க்கு மாத்திரை சாப்பிட்டதுண்டா? பலர் மறைப்பார்கள். தனியே அடைத்துவிடுவார்களோ, மனு போட்டுப் பார்க்க வரும் வீட்டாருக்குத் தெரிந்துவிடுமோ என்ற அச்சம். அதனால் காவலரைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டுத்தான் கேட்பேன். சளியைச் சிபிநாட் கருவியில் வைத்தால் சில மணி நேரத்தில் நோய் தெரியும். காசநோய்க்கான முக்கிய மருந்தான ரிஃபாம்பிசினுக்குக் கிருமி கட்டுப்படுமா என்பதும் கூடவே தெரியும்.

இத்தனையும் செய்துவிட்டு வாசலில் கோட்டை விடுகிறோம். இந்தியச் சிறைகளில் ஏறக்குறைய நான்கில் மூன்று பேர் விசாரணைக் கைதிகள். சிகிச்சைக்கு 6 மாதமாவது வேண்டும். ஜாமீன் எந்த நாளிலும் வரலாம். மருந்து தொடங்கி ஏழாவது வாரத்தில் ஓர் இளைஞர் அப்படித்தான் போனார். மறுநாள் காலை அவருடைய மாத்திரை அட்டை மட்டும் மேசையில் கிடந்தது. நான்கு மாதம் கழித்து இன்னொரு வழக்கில் எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்தார். இந்தத் தடவை ரிஃபாம்பிசினுக்குக் கிருமி கட்டுப்படவில்லை.

அதன்பிறகு, சிகிச்சை தொடங்கும் நாளிலேயே நிக்ஷய் எண்ணும் (காசநோயாளிகளுக்கான அரசின் இணையப் பதிவில் ஒவ்வொருவருக்கும் தரப்படும் எண்) மருந்து விவரமும் எழுதிய சீட்டை, சில வார மாத்திரையோடு உறையில் ஒட்டி, விடுதலைப் பதிவேடு இருக்கும் மேசையிலேயே வைக்க ஆரம்பித்தோம்.

உங்கள் வீட்டுப் பிள்ளை சிறையில் மாத்திரை சாப்பிட்டுவிட்டு வெளியே வருகிறார் என்றால், அந்த எண்ணைக் கேட்டு வாங்குங்கள். அதைக் கொண்டு அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் சிகிச்சையை இலவசமாகத் தொடரலாம். சிகிச்சை முடியும்வரை சத்தான உணவுக்கு மாதம் 1000 ரூபாய் உதவித்தொகையும் உண்டு. வீட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை இருந்தால் அதையும் கூட்டிப் போங்கள். நோய் இல்லையென்றாலும் அதற்குத் தடுப்பு மருந்து கொடுக்க வேண்டியிருக்கும்.