படவிளக்கம் எந்த இடத்தில் தொலைகிறது?

“நாங்கள் விளக்கம் எழுதித்தான் வைத்திருக்கிறோம். உங்கள் மென்பொருளைச் சரிபாருங்கள்.” படத்தின் விளக்கம், அதாவது படத்தில் என்ன இருக்கிறது என்று சொல்லும் உரை, கேட்கவில்லை என்று புகார் செய்யும் பார்வையற்ற வாசகருக்கு இணையதளம் நடத்துவோர் பலர் தரும் பதில் இது. தளங்களின் அணுகல்தன்மையை, அதாவது மாற்றுத்திறனாளிகளும் அவற்றைப் பயன்படுத்த முடிகிறதா என்பதை, சோதிப்பதைத் தொழிலாகச் செய்கிறேன். எங்கே பிழை என்று ஒருமுறைகூடப் பார்க்காமல் கேட்பவர்மீதே பழியைப் போடும் இந்தப் பதிலை என்னால் ஏற்க முடிவதில்லை.

எழுதிய விளக்கம் காதுக்கு வந்து சேருமுன் பல கை மாறுகிறது. முதலில் அது பக்கத்தின் நிரலில், படத்துக்குரிய மாற்று உரையைத் தாங்கும் ‘ஆல்ட்’ பண்பாகப் பதிய வேண்டும். உலாவி அந்த நிரலைப் படித்து, திரையில் உள்ளதைக் குரலாக வாசிக்கும் திரைவாசிப்பான் போன்ற உதவி மென்பொருள்களுக்கென்றே, பக்கத்தில் உள்ளவற்றின் பெயர்களை அடுக்கிய ‘அணுகல்தன்மை மரம்’ ஒன்றை உருவாக்குகிறது. என்விடிஏ, ஜாஸ், வாய்ஸ்ஓவர், டாக்பேக் என எந்தத் திரைவாசிப்பானானாலும் வழக்கமாக அந்த மரத்தில் படத்துக்கு என்ன பெயர் இருக்கிறதோ அதைத்தான் சொல்லும். ஆகவே நான் முதலில் பார்ப்பது அந்த மரத்தை. குரோம், பயர்பாக்ஸ் இரண்டிலும் நிரலாளர் கருவிகளுக்குள் அணுகல்தன்மைக்கென்று தனிப் பகுதி இருக்கிறது. பொருளுள்ள ஒரு படத்துக்கு அங்கே பெயர் இல்லையென்றால் குறை தளத்தினுடையது. பெயர் இருந்தும் கேட்காவிட்டால்தான் வாசகரின் கணினிப் பக்கம் திரும்ப வேண்டும்.

தளத்தின் குறைகளில் நான் அடிக்கடி காண்பது, விளக்கத்தை ஆல்ட்டில் எழுதாமல், தலைப்புக்கான ‘டைட்டில்’ பண்பில் எழுதிவிடுவது. சுட்டியைப் படத்தின்மேல் கொண்டுபோனால் சிறு பெட்டியில் எழுத்து தெரிகிறது. எழுதியவருக்கு வேலை முடிந்ததாகத் தோன்றுகிறது. ஆனால் டைட்டிலை வாசிப்பதா வேண்டாமா என்பது திரைவாசிப்பானுக்குத் திரைவாசிப்பான், அமைப்புக்கு அமைப்பு மாறும். இன்னொன்று, தளங்களை நடத்த உதவும் வேர்ட்பிரஸ் மென்பொருளில் ஊடக நூலகத்துக்குப் போய் விளக்கத்தைத் திருத்துவது. ஏற்கெனவே கட்டுரைக்குள் செருகிவிட்ட படத்துக்கு அந்தத் திருத்தம் போய்ச் சேராது. கட்டுரையைத் திறந்து அங்கேயும் மாற்ற வேண்டும். பக்கத்தின் தோற்றத்தை வரையறுக்கும் சிஎஸ்எஸ் மூலம் பின்னணியாக வைத்த படத்துக்கோ ஆல்ட் எழுத இடமே கிடையாது. முக்கியச் செய்தியைப் பின்னணிப் படத்தில் வைக்கும் வழக்கத்தை வடிவமைப்பாளர்கள் அடியோடு விட வேண்டும்.

வெறுமையான ஆல்ட் பற்றிக் குழப்பம் அதிகம். அழகுக்காக மட்டும் வைத்த படத்தின் ஆல்ட்டை வெறுமையாக விடுவது சரியான முறை. திரைவாசிப்பான் அதைத் தாண்டிப் போய்விடும். அந்தப் பண்பை எழுதாமலே விடுவது வேறு. அப்போது ஒரு திரைவாசிப்பான் மௌனமாக இருக்கும், இன்னொன்று கோப்பின் பெயரில் உள்ள எண்களையும் கோடுகளையும் வரிசையாக ஒப்பிக்கும். மிக மோசமானது, இணைப்புக்குள் படம் மட்டும் இருந்து அதன் ஆல்ட்டை வெறுமையாக விடுவது. இணைப்புக்கே பெயர் இல்லாமல் போகிறது. முகவரியின் ஏதோ ஒரு துண்டைக் கேட்டுவிட்டு, அழுத்தலாமா கூடாதா என்று வாசகர் ஊகிக்க வேண்டியிருக்கிறது. கட்டணம் செலுத்தும் பொத்தானில் இப்படி நடந்தால் அவர் வேலையைப் பாதியில் விட்டுவிட்டுப் பிறர் உதவியைத் தேட வேண்டியதுதான்.

தானியங்கிச் சோதனையில் தேறிவிட்டோம் என்று சொல்பவர்களும் உண்டு. ஆல்ட் இருக்கிறதா என்று அந்தக் கருவி பார்க்கும். அதில் ‘படம் 1’ என்று எழுதியிருந்தாலும் பெரும்பாலும் விட்டுவிடும். படங்களுக்கு ஈடான உரை வேண்டும் என்பது வலை அணுகல்தன்மை வழிகாட்டுதல்களின் 1999ஆம் ஆண்டு முதல் பதிப்பிலேயே முதலாவதாக இடம்பெற்ற விதி. 2023இல் வந்த 2.2 பதிப்பிலும் அது 1.1.1 என்ற எண்ணோடு, அடிப்படை நிலையிலேயே இருக்கிறது.

இனி வாசகரின் பக்கம். என்விடிஏ, ஜாஸ் இரண்டிலும் ‘ஜி’ விசை அடுத்த படத்துக்கு அழைத்துப் போகும். என்விடிஏவில் அது வேலை செய்யாவிட்டால், அழுத்தும் விசைகள் நேராகப் பக்கத்துக்கே போகும் குவிப்பு நிலையில் சிக்கியிருக்கலாம். என்விடிஏ விசையோடு (வழக்கமாக இன்செர்ட்) இடைவெளி விசையை அழுத்தி, பக்கத்தை வாசித்துச் செல்லும் உலாவு நிலைக்கு வர வேண்டும். பக்கம் பாதியில் மாறியிருந்தால், என்விடிஏ அதைப் புதிதாகப் படிக்க என்விடிஏ விசையோடு எஃப்5. ஜாஸில் படங்களை எந்த அளவுக்கு அறிவிப்பது என்று ஓர் அமைப்பு உண்டு. எதையும் அறிவிக்காதே என்று வைத்திருந்தால் எவ்வளவு நல்ல விளக்கமும் வராது.

தமிழ் வாசகர்களுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு: பக்கம் முழுக்கத் தமிழ், நிரலிலோ மொழி ஆங்கிலம் என்று குறித்திருக்கும். அதை நம்பிக் குரல் ஆங்கிலத்துக்கு மாறினால், தமிழ் எழுத்துகளை அறியாத அந்தக் குரல் விளக்கத்தை விழுங்கிவிடும். இதைக் கண்டுபிடிப்பது எளிது. என்விடிஏவின் கருவிகள் பட்டியலில் உள்ள பேச்சுக் காட்டியைத் திறந்தால், பேச அனுப்பிய உரை எழுத்தாகத் தெரியும். பார்வையற்றவர் பிரெய்ல் காட்சிக்கருவியில் தொட்டு அறியலாம். உரை அங்கே இருந்து குரல் மட்டும் வரவில்லையென்றால், படத்தையும் ஆல்ட்டையும் விட்டுவிட்டு மொழிக் குறியையும் தமிழ்க் குரலையும் பாருங்கள். என்விடிஏவோடு வரும் ஈஸ்பீக் என்ற குரல் மென்பொருளில் தமிழ் உண்டு. தானாக மொழி மாறும் வசதியை நிறுத்திவிட்டுத் தமிழ்க் குரலைத் தேர்ந்தெடுத்தால் அந்தப் பக்கம் உடனே பேசும்.

தளத்துக்கு எழுதும்போது பக்கத்தின் முகவரி, படத்துக்குச் சற்று முன்னால் உள்ள வரி, உலாவி மற்றும் திரைவாசிப்பானின் பெயரும் பதிப்பும், காதில் விழுந்தது என்ன, இன்னோர் உலாவியில் என்ன ஆனது என்பவற்றைக் குறிப்பிடுங்கள். அணுகல்தன்மைப் பகுதியில் பெயர் இல்லை என்பதைப் பார்வையுள்ள நண்பர் ஒருவர் திரைப்பிடிப்பாக எடுத்துக் கொடுத்தால் அதையும் இணைத்துவிடுங்கள். இத்தனையும் கையில் இருக்கும்போது, மென்பொருளைச் சரிபாருங்கள் என்று அவர்கள் திருப்பி அனுப்ப வழியில்லை.