சாரம் கட்டலாம், சோறு யார் போடுவது?

எம்.ஆர்.ஐ. படத்தோடு வருகிறவர்களின் கேள்வி மாறிவிட்டது. முன்பு, "ஆபரேஷன் இல்லாமல் முடியாதா டாக்டர்?" என்பார்கள். இப்போது, "ஜெல் ஊசி போட்டால் தேய்ந்த டிஸ்க் புதிதாக வளர்ந்துவிடுமாமே?" என்கிறார்கள்.

டிஸ்க் என்பது முதுகெலும்புகளுக்கு இடையில் மெத்தைபோல இருப்பது: நடுவில் கூழ், சுற்றிலும் வளையம். அது வளர வேண்டும் என்ற ஆசையில் தவறில்லை. கட்டடத்துக்குச் சாரம் கட்டுவதுபோல, செல்கள் பற்றிக்கொண்டு வளர ஒரு தாங்குபொருளைக் கொடுத்து, திசு உருவாக உருவாக அது கரைந்துபோகும்படி செய்யும் ஆய்வுகள் பல ஆண்டுகளாக நடக்கின்றன. நடுவிலுள்ள கூழுக்கு ஆல்ஜினேட், கொலாஜன், ஹயலுரானிக் அமிலம் போன்றவற்றால் ஆன, நீரைப் பிடித்துவைக்கும் ஹைட்ரோஜெல். வெளிவளையத்துக்கு நுண்ணிழைத் தாள்கள். அந்த வளையத்தில் 15 முதல் 25 அடுக்குகள் உண்டு. ஓர் அடுக்கின் இழைகள் ஏறத்தாழ 30 பாகை ஒருபக்கம் சாய்ந்தால், அடுத்த அடுக்கில் எதிர்ப்பக்கம் சாயும். இந்தப் பின்னலைக்கூட ஆய்வகத்தில் செய்துவிட்டார்கள். ஆட்டின் கழுத்தில் பொருத்தியும் பார்த்துவிட்டார்கள்.

என் தயக்கம் வேறு இடத்தில். டிஸ்க், பட்டினிக்குப் பழகிய திசு. வளர்ந்தவர்களின் டிஸ்க்குக்குள் ரத்தக்குழாய் கிடையாது. மேலும் கீழும் உள்ள குருத்தெலும்புத் தகட்டின் வழியே கசிந்து வருவதுதான் சாப்பாடு. நடுவிலிருக்கும் செல்லுக்கு மிக அருகிலுள்ள ரத்தக்குழாயே 6 முதல் 8 மில்லிமீட்டர் தள்ளி இருக்கலாம். அதனால்தான் டிஸ்க்கின் கன அளவில் செல்கள் வெறும் 1 சதவீதம். தேய்ந்த டிஸ்க்கில் அந்தத் தகடும் பல சமயம் இறுகிக் கிடக்கும். அங்கே ஜெல்லோடு, வேறு வகைச் செல்களாக மாறக்கூடிய ஸ்டெம் செல்களை லட்சக்கணக்கில் இறக்கினால், பஞ்சத்தில் தவிக்கும் வீட்டுக்கு விருந்தாளிகளை அனுப்பிய கதைதான். எலியின் டிஸ்க் மிகச் சிறியது, கசிவே போதும். ஆகவே, ஒரு வெற்றிச் செய்தியைப் பார்த்தால் எந்த விலங்கில் என்றுதான் முதலில் தேடுவேன்.

பாரமும் லேசானதல்ல. 1999-இல் ஒரு தன்னார்வலரின் இடுப்பு டிஸ்க்குக்குள் அழுத்தமானி வைத்து அளந்தார்கள். படுத்திருந்தபோது 0.1 மெகாபாஸ்கல், முதுகை வளைத்து 20 கிலோவைத் தூக்கியபோது 2.3. இத்தனை அழுத்தத்தில் ஜெல் பிதுங்கி வெளியேற ஊசித் துளையே வழியாகிவிடலாம். அந்தத் துளையும் சும்மா விடுவதில்லை. ஊசியால் சாயம் செலுத்திப் பரிசோதிக்கப்பட்ட டிஸ்க்குகளைப் பத்தாண்டுகளுக்குப் பின் பார்த்த ஆய்வொன்று 2009-இல் வெளிவந்தது. அவை மற்றவற்றைவிட அதிகம் தேய்ந்திருந்தன.

இன்னொன்று. வலியே இல்லாத இருபது வயதினரிலும் மூன்றில் ஒருவருக்கு மேல் எம்.ஆர்.ஐ.யில் டிஸ்க் தேய்வு தெரிகிறது. படத்தில் தெரிவதெல்லாம் வலிக்குக் காரணமல்ல.

யாராவது இந்த ஊசியைப் பரிந்துரைத்தால், "இது சிகிச்சையா, ஆய்வா?" என்று கேளுங்கள். ஆய்வென்றால் நெறிமுறைக் குழுவின் அனுமதியையும் ஒப்புதல் படிவத்தையும் காட்டச் சொல்லுங்கள். கட்டணம் கேட்டால் எழுந்து வந்துவிடலாம்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் ஒரு நோயாளி. பாதம் தொங்கத் தொடங்கிய பிறகும், ஜெல் வந்துவிடும் என்று நான்கு மாதம் காத்திருந்தார். நரம்பின் மேலிருந்த அழுத்தத்தை அறுவையில் நீக்கினேன். கால்வலி போய்விட்டது. பாதம் இன்னும் முழுதாக மேலெழவில்லை.