கேள்விக்குறியாகிப் போன விட்டக் குறி

பட்டறையிலிருந்து வந்த தகட்டில் துளை சதுரமாக இருந்தது. நான் கேட்டது 25 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டத் துளை. வரைபடத்தில் அதைப் பக்கத் தோற்றத்தில் மட்டுமே காட்டியிருந்தேன். ‘Ø’ என்ற விட்டக் குறி இருந்தால் துளை வட்டம் என்று புரிந்துவிடும், இன்னொரு தோற்றம் தேவையில்லை. ஆனால் அந்தக் குறியை வேறொரு ஆவணத்திலிருந்து நகலெடுத்து ஒட்டியிருந்தேன். நான் பயன்படுத்திய எழுத்துரு அவர்கள் கணினியில் இல்லை. மாற்று எழுத்துருவில் அந்தக் குறி இல்லாததால், அவர்கள் கண்டது ‘?25’. தவறு என்னுடையது.

நான் வரையப் பயன்படுத்தும் ஆட்டோகேட் மென்பொருளில் இதற்கு எளிய வழி இருக்கிறது. %% என்று இரண்டு சதவீதக் குறிகளைப் போட்டு, ஒட்டினாற்போல் ஆங்கில எழுத்து ‘c’யைத் தட்டினால் விட்டக் குறி வரும். ‘d’ தட்டினால் பாகைக் குறி °, ‘p’ தட்டினால் ±. மென்பொருளுடன் வரும் வழக்கமான எஸ்எச்எக்ஸ் (SHX) என்னும் கோட்டு எழுத்துருக்களில் இந்த மூன்றும் உண்டு. வேறு எங்கிருந்தோ ஒட்டுவதை விட இது எவ்வளவோ பாதுகாப்பானது. பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும் Ø, ⌀, ∅ மூன்றும் கணினிக்கு வெவ்வேறு எழுத்துகள். முதலாவது டேனிஷ், நார்வீஜிய மொழிகளின் எழுத்து. மூன்றாவது கணிதத்தில் வெற்றுக் கணத்தின் குறி. ஒன்றைத் தேடினால் மற்றவை அகப்படாது.

அளவுக்குறிப்பில் குறி சேர்க்கும்போது பலர் செய்யும் பிழை இன்னும் மோசமானது. மென்பொருள் தானே அளந்து காட்டும் எண்ணை அழித்துவிட்டு ‘Ø25’ என்று கையால் தட்டிவிடுகிறார்கள். பிறகு துளையை 30 ஆக மாற்றினாலும் எழுத்து 25 என்றே நிற்கும். எண்ணைத் தொடாதீர்கள். எண் இருக்கும் இடத்தில் <> என்ற கோண அடைப்புகளை வைத்து, அவற்றுக்கு முன்னால் விட்டக் குறியீட்டைச் சேருங்கள். உண்மையான அளவு எப்போதும் தானாக வந்து நிற்கும்.

மேலெழுத்து இரண்டு வகை என்பதைத் தெரிந்துகொள்வது அவசியம். ‘²’, ‘³’ இரண்டும் தனி எழுத்துகள். எண் பலகையுள்ள விண்டோஸ் கணினியில் ஆல்ட் விசையை அழுத்தியபடி அந்தப் பலகையில் 0178 அல்லது 0179 தட்டினால் வரும். ஆட்டோகேடின் பல வரி எழுத்தில் 2^ என்று தட்டி, அதைத் தேர்ந்து ‘அடுக்கு’ (Stack) கட்டளை கொடுத்தால் வரும் மேலெழுத்தோ வெறும் அலங்காரம். உள்ளே இருப்பது சாதாரண 2தான். அந்த வரியை வெற்று எழுத்தாக வேறு கோப்பில் ஒட்டும்போது வடிவம் உதிர்ந்துவிடும். இப்படி ஒட்டும்போது 10³ என்பது 103 ஆகிவிட வாய்ப்பிருக்கிறது. கேள்விக்குறி வந்தாலாவது ஒருவர் சந்தேகப்படுவார். 103 என்ற எண்ணைப் பார்த்து யார் சந்தேகப்படப் போகிறார்கள்? எனவே இரண்டுக்கும் மூன்றுக்கும் தனி எழுத்துகளையே பயன்படுத்துகிறேன். பத்தின் அடுக்காக வரும் மதிப்புகளை முழு எண்ணாகவே, 1000 என்று எழுதிவிடுகிறேன். இடம் கொஞ்சம் கூடுதலாகப் பிடிக்கும், அவ்வளவுதான்.

அந்தத் தகட்டுக்குப் பிறகு வரைகோப்பை மட்டும் தனியாக நான் அனுப்பியதில்லை. பிடிஎஃப் ஒன்றும் கூடவே போகும். எழுத்துருக்கள் அதனுள்ளேயே பதிந்திருக்கும்படி அமைத்து எடுக்கிறேன். எஸ்எச்எக்ஸ் எழுத்துகள் கோடுகளாகவே வரையப்பட்டுவிடும். அனுப்புவதற்கு முன் அதைப் பெரிதாக்கி, ஒவ்வொரு அளவுக்கு முன்னாலும் பின்னாலும் நிற்கும் குறியைத் தனித்தனியாகப் பார்க்கிறேன்.